வி. நல்லதம்பி

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். நாற்பத்தாறாம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில் திருச்சிக்காரர்களுக்கு அந்த இலுப்பைப் பூவும் அரைப்படிதான் கிடைத்தது. மெம்பர் திருவேங்கடத்தோடு சரிசமமாக மல்லுக்கு நிற்கக்கூடிய கட்சி, இந்தத் தடவை தேர்தலே வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டது. எஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவர் ரயில்வே பட்டறை ஃபிட்டர். தொழிலாளர்கள் சேர்ந்து நிறுத்தியவர், பேச ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாதவர். இன்னொருவர் பெரியகடை வீதி லேகிய வைத்தியர். தாமே ஒரு கட்சி தொடங்கித் தாமே தலைவரும் ஆனவர். அந்தக் கட்சியில் அவரையும் அவர் மைத்துனரையும் தவிர மூன்றாவது ஆளைக் கண்டவர் கிடையாது.

அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு நிறப் பெட்டி. ஓட்டுச் சாவடியில் கொடுக்கிற சீட்டை வாங்கிக்கொண்டு, திரைக்குப் பின்னால் போய், வேண்டியவரின் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். மெம்பருக்கு மஞ்சள், ஃபிட்டருக்குச் சிவப்பு, வைத்தியருக்குப் பச்சை. மஞ்சள் பெட்டிதான் ஜெயிக்கும் என்று காவேரி மணலில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவளுக்குக்கூடத் தெரியும். ஆகவே இந்தத் தடவை ஊர்வலம் இல்லை, ஜட்கா வண்டி இல்லை, வீட்டு வாசலில் கைகூப்பி நிற்கிற பெரிய மனிதர்களும் இல்லை. தெரிந்த முடிவுக்கு யார் வெயிலில் அலைவார்கள்?

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். உறையூர் அழகம்மாளுக்கு நஷ்டம். மெம்பர் அவள் தெருவுக்கு ஒரு தடவை வந்திருந்தால் போதும், காலைப் பிடித்தாவது ஒரு கையெழுத்து வாங்கியிருப்பாள்.

அழகம்மாள் உறையூர் சுருட்டுக் கொட்டகை ஒன்றில் புகையிலைக்குக் காம்பு கிள்ளுகிறவள். அவளுடைய புருஷன் நல்லதம்பி பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவன். பர்மா எல்லையிலிருந்து மாதம் ஒரு கடிதமாவது வரும். நாற்பத்துநாலாம் வருஷம் மாசியோடு அது நின்றது. பிறகு ஒரு காகிதம் வந்தது, 'காணவில்லை' என்று. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்பிள்ளையை இரண்டு வருஷம் தொங்கவிட்டது சர்க்கார். சண்டை முடிந்தது, கொடி கட்டினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். நல்லதம்பி மட்டும் வரவில்லை.

ஆனால் மண்ணச்சநல்லூரில் ஒருவன் வந்தான். அரிசி மில்லில் நெல் அவிக்கிற காத்தானின் மகன். அவன் செத்துவிட்டதாகப் பட்டாளத்திலிருந்து எழுத்துமூலம் சேதி வந்து, காத்தான் பதினாறாம் நாள் காரியம்வரை செய்து முடித்திருந்தார். கார்த்திகை மாதம் ஒரு காலையில் பையன் தோளில் பையோடு வாசலில் வந்து நின்றான். ஜப்பான்காரன் சிறையில் கிடந்தானாம். கருமாதிச் சோறு தின்ற ஊர்க்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே போய்ப் பார்த்தார்கள். அழகம்மாளும் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனாள். 'மேற்படி வெ. நல்லதம்பி எந்தச் சிறையிலாவது, எந்த ஆஸ்பத்திரியிலாவது உயிரோடு இருக்கிறாரா என்று தேடிச் சொல்லக் கோருகிறேன்' என்று அவர் நன்றாகத்தான் எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார்.

"இதை நீ அனுப்பினா குப்பைக்குப் போவும்மா. மெம்பர் கையெழுத்து இருந்தாத்தான் அங்கே மதிப்பானுங்க."

அன்றிலிருந்து மூன்று தடவை அவள் காவேரி மணலைக் கடந்து ஸ்ரீரங்கம் போனாள். அம்மா மண்டபம் ரோட்டில் மெம்பரின் பங்களா. மூன்று தடவையும் குமாஸ்தாதான் பேசினார். "ஐயா வெளியில போயிருக்காங்க", "ஐயா படுத்திருக்காங்க", "எலெக்‌ஷன் முடியட்டும், பார்க்கலாம்." மூன்றாம் தடவை, இனி இந்தப் பக்கம் வராதே என்பதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார், அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில்தான் இன்னாசிராஜ் வந்தார். பொன்மலைப் பட்டறையில் வேலை. சிவப்புப் பெட்டிக்காக வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் அலைகிற மனிதர்கள் உலகத்தில் சில பேர் உண்டு. இவர் அதில் ஒருவர். கையில் வாக்காளர் பட்டியல்.

"தங்கச்சி, அழகம்மாள்ங்கறது நீங்கதானே? உங்களுக்கு ஓட்டு இருக்கு. நானூத்திப் பதினேழாம் நம்பர்."

"எனக்கா? நிலமா நீச்சா, எனக்கு ஏதுங்க ஓட்டு?"

"சொத்து இல்லாட்டியும் பட்டாளத்துக் குடும்பத்துக்கு உண்டு. இதோ அச்சுல இருக்கே." பட்டியலைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: '417. அழகம்மாள். வி. நல்லதம்பி.'

அழகம்மாள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். புருஷனுக்குக் கடிதம் எழுதவென்றே கற்றுக்கொண்ட எழுத்து. சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அண்ணே, எங்க மாமனார் பேரு வெள்ளைச்சாமி. 'வெ' போடணும். 'வி'ன்னு போட்டிருக்காங்களே!"

இன்னாசிராஜ் பட்டியலை மறுபடி புரட்டினார். "ஆமா, அச்சுலயே அப்படித்தான் இருக்கு. கொம்பு போடறதுக்குப் பதிலா சுழி போட்டுட்டான் அச்சுக்கோக்கிறவன். என் பேரையே ஒருத்தன் இன்னாசிராணின்னு போட்டிருக்கான். ஒண்ணும் பாதகமில்ல. சிவப்புப் பெட்டியை மறந்துடாதீங்க."

சாயங்காலம் வெள்ளைச்சாமி கொட்டகையிலிருந்து வந்தார். அவரும் சுருட்டுச் சுற்றுகிறவர். அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும்தான். அழகம்மாள் சீட்டைக் காட்டினாள். கிழவருக்குப் படிக்கத் தெரியாது. அவளே படித்துக் காட்டினாள். 'வி' என்ற எழுத்தைச் சொல்லி மறுபடியும் சிரித்தாள்.

வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. "அதைக் கிழிச்சுப் போடும்மா," என்றார். "ஓட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். நமக்கெதுக்கு அந்த வம்பு?"

"என்ன மாமா இப்படிச் சொல்றீங்க? என்கிட்ட அவங்களுக்கு வேண்டியது ஒண்ணு இருக்குன்னா இதுதானே!"

கிழவர் கால் கழுவப் போய்விட்டார். வயசானவர், சர்க்கார் காகிதம் என்றாலே பயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நாலாம் தடவையாக ஸ்ரீரங்கம் போனாள். முந்தின மூன்று தடவையும் பிச்சைக்காரி மாதிரி போனவள், இன்றைக்குச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நிமிர்ந்து போனாள். குமாஸ்தாவின் முன்னால் முடிச்சை அவிழ்த்தாள்.

"எனக்கு ஓட்டு இருக்குங்க. ஐயாவுக்குத்தான் போடுவேன். ஒரே ஒரு கையெழுத்து."

குமாஸ்தாவுக்கு நல்ல சிரிப்பு. "இந்தாம்மா, நீ போட்டாலும் ஐயாதான், போடாட்டியும் ஐயாதான். லேகியக்காரனுக்கே போடேன், பாவம், அவனுக்கும் ரெண்டு ஓட்டு விழட்டும்."

நாலு மாதமாக அடக்கி வைத்திருந்தது அப்போது உடைந்தது. அழகம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டாள். "என் ஓட்டும் வேணாம், நானும் வேணாம், என் புருஷன் எந்தக் காட்டுல கெடந்தாலும் உங்களுக்கு ஒண்ணுமில்ல. எதுத்து நிக்க ஒரு ஆளு இருந்திருந்தா என் வீட்டுத் தண்ணியை வாங்கிக் குடிச்சிருப்பீங்கல்ல?"

சத்தம் கேட்டு மெம்பரே வெளியே வந்தார். கெட்ட மனிதர் அல்ல. நாற்பத்திரண்டில் ஜெயிலுக்குப் போனவர். ஆனால் அவருக்கும் அப்போது ஒரு கவலை இருந்தது. ஜெயிப்பதைப் பற்றி அல்ல. போட்டியில்லை என்று ஜனங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் பெட்டியில் ஓட்டு விழாது. ஓட்டுக் குறைந்தால் பட்டணத்தில் மந்திரிப் பதவி கேட்க முகம் இருக்காது. அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். அந்த எழுத்தை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"நீதாம்மா வரணும். உன்னை மாதிரிப் பொம்பளைங்க வந்து போடணும்," என்றார். "போலிங் அன்னைக்குப் பதினொரு மணிக்கு உறையூர் ஸ்கூலுக்கு வரேன். நீ போய் ஓட்டைப் போட்டுட்டு வா. அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தரேன். இது என் வாக்கு."

ஓட்டைப் போட்டுவிட்டு வா. அந்த வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். ஓட்டுப் போட்டால் கையெழுத்து. கையெழுத்து விழுந்தால் தேடுவார்கள். தேடினால் மண்ணச்சநல்லூர்க்காரன் கிடைத்தது போலக் கிடைப்பான். காவேரி மணல் காலைச் சுட்டது அவளுக்குத் தெரியவில்லை.

தேர்தல் அன்று விடிந்ததும் தலைக்குக் குளித்தாள். முகத்துக்கும் காலுக்கும் மஞ்சள் பூசி, தாலிக்குப் புதுச் சரடு மாற்றி, காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்தாள். பெட்டியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டினாள். நல்ல காரியத்துக்குப் போகிறோம், மங்களமாய்ப் போக வேண்டாமா? பெட்டியும் மஞ்சள், அதுவே நல்ல சகுனம் என்று தோன்றியது.

வெள்ளைச்சாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "நான் சொல்றதைக் கேளும்மா. போவாதே."

"மாமா, அவரு உங்க புள்ளைதானே?" என்று கேட்டாள் அழகம்மாள். கேட்கக்கூடாத கேள்விதான். கிழவர் வழியை விட்டார். அவள் தெருமுனை திரும்பியதும், குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

உறையூர் ஸ்கூலில் கூட்டமே இல்லை. பெண்கள் வரிசையில் ஆறேழு பேர். உள்ளே மேஜைக்குப் பின்னால் சாவடி அதிகாரி. வேறு ஊரிலிருந்து வந்த ஹெட்மாஸ்டர், கோடு போட்டால் கோட்டிலேயே நடக்கிறவர். பக்கத்துப் பெஞ்சில் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள். மஞ்சள் பெட்டி ஏஜெண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். சிவப்புப் பெட்டிக்கு இன்னாசிராஜ். பச்சைக்கு, வேறு யார், வைத்தியரின் மைத்துனர். காலையிலிருந்து ஓர் ஓட்டுகூடத் தங்கள் பெட்டியில் விழுந்திருக்காது என்கிற வயிற்றெரிச்சல் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அழகம்மாள் சீட்டை நீட்டினாள். அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டி, உரக்கப் படித்தார்.

"நானூற்றுப் பதினேழு. அழகம்மாள். விதவை. புருஷன் பெயர் நல்லதம்பி."

அழகம்மாளுக்குச் சுரீர் என்றது. அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்தியரின் மைத்துனர் எழுந்துவிட்டார்.

"நான் ஆட்சேபிக்கிறேன்! கள்ள ஓட்டு! லிஸ்டுல விதவை. இது மஞ்சளும் குங்குமமுமா, கழுத்துல தாலியோட நிக்குது. மஞ்சள் பெட்டிக்காரங்க ஆள் மாத்தி அனுப்பியிருக்காங்க!"

"ஐயோ, இல்லீங்க!" என்றாள் அழகம்மாள். "அது அச்சுப் பிழைங்க. விதவை இல்லீங்க, அது 'வெ'. எங்க மாமனார் வெள்ளைச்சாமி. கொம்பு மாறிப் போச்சுங்க. இந்த அண்ணனைக் கேளுங்க."

இன்னாசிராஜ் முன்னால் வந்து பட்டியலை எட்டிப் பார்த்தார். அதிகாரி முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். குறிகளுக்கு விளக்கம் அங்கே இருந்தது: 'ம' என்றால் மனைவி, 'வி' என்றால் விதவை. இன்னாசிராஜின் முகம் சுண்டிப்போனது. அவளைப் பார்க்காமல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பிழையோ என்னவோ, அதைத் திருத்தறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது," என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் கொடுமை. "ஆட்சேபம் வந்தா, பட்டியல்ல இருக்கிறதை முழுசாப் படிச்சு, அந்த ஆள் நீதானான்னு கேக்கணும். ஆமான்னா சீட்டுக் கொடுப்பேன். இல்லைன்னா கிடையாது. யோசிச்சுச் சொல்லு. நீ நல்லதம்பியின் விதவை அழகம்மாள்தானா?"

வெளியே மோட்டார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "மெம்பர் வந்துட்டார்," என்று யாரோ சொன்னார்கள்.

நம் பெண்கள் வீட்டில் அரிசி இல்லை என்றால்கூட 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள், 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். விளக்கை அணை என்று சொல்லமாட்டார்கள், குளிர வை என்பார்கள். வாயிலிருந்து வருகிற வார்த்தை பலித்துவிடும் என்கிற பயம். அப்படி வளர்ந்தவளைத்தான், தலைக்குக் குளித்துத் தாலிச்சரடு மாற்றி வந்த நாளில், இந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னார்கள்.

அவள் இடுப்பில் மனு இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சொல்லாவிட்டால் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை. அவன் எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் பேர் சொல்ல நாக்கு எழாமல் கிடப்பான், யாரும் தேடமாட்டார்கள். சாமி, இது பொய், உனக்குத் தெரியும், கணக்கில் வைக்காதே என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள்.

"முழுசாச் சொல்லணும்."

"நான்... நல்லதம்பி விதவைதாங்க."

வைத்தியரின் மைத்துனர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அதிகாரி துண்டுச் சீட்டைத் திருப்பித் தந்து, ஓட்டுச் சீட்டைக் கொடுத்தார். திரைக்குப் பின்னால் மூன்று பெட்டிகள் இருந்தன. மஞ்சள் பெட்டியில் ஓட்டுச் சீட்டைப் போட்டுவிட்டு, அந்தப் பெட்டியையே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "சீக்கிரம் வாம்மா," என்று அதிகாரி குரல் கொடுத்தார்.

வெளியே மெம்பர் மோட்டாரில் ஒரு கால் வைத்தபடி நின்றிருந்தார். வாக்குத் தவறாத மனிதர். மனுவை வாங்கினார், மோட்டாரின் முகப்பில் வைத்தார், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. மூச்சு இழுத்து விடுகிற நேரம்கூட ஆகவில்லை. "தைரியமா இரும்மா," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். நாலு மாதம், நாலு நடை, ஓர் ஓட்டு, ஒரு வார்த்தை. இத்தனைக்கும் கிடைத்த அந்தக் கையெழுத்து இன்னும் காயவில்லை.

எதிரே புளியமரத்தடியில் வெள்ளைச்சாமி குடையோடு நின்றார். அவரைக் கண்டதும் அழகம்மாள் ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, நான் பாவி மாமா. கையெழுத்துக்காக வாயால சொல்லிட்டேன். அவரு இல்லைன்னு, நான் விதவைன்னு, நாலு பேர் கேக்கச் சொல்லிட்டேன். உசிரோட இருக்கிறவரை நானே கொன்னுட்டேன் மாமா."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எந்திரி."

"பலிச்சிடும் மாமா. தலைக்குக் குளிச்சிட்டு வந்து சொன்னேனே. இனிமே அவரைத் தேடினாலும் கெடைக்கமாட்டாரு. நான்தான் கொன்னேன். நான்தான்..." தாலியைப் பிடித்துக்கொண்டு நெற்றியைத் தரையில் மோதினாள். வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிழவர் குடையைக் கீழே போட்டுவிட்டு அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு வருஷமாகப் பூட்டி வைத்திருந்ததை இனிப் பூட்டி வைக்க வழியில்லை. இந்தப் பழியைச் சுமக்க அவளை விட்டால் அவர் மனிதனே இல்லை.

"நீ கொல்லலைம்மா. நீ சொல்றதுக்கு முன்னாடியே ஆயிடுச்சு. போன சித்திரையிலயே கடுதாசி வந்துச்சு. தபால்காரரு படிச்சுச் சொன்னாரு. உன்கிட்ட இங்கிலீஸ் காயிதத்துல கையெழுத்து வாங்கினேனே, பட்டாளத்துப் படிப்பணம் வாங்கறதுக்குன்னு... அது படி இல்லம்மா. பென்சன். அதை வெச்சுத்தான் உன் பேரை லிஸ்டுல ஏத்தியிருப்பாங்க. உன் முகத்து மஞ்சளைக் கழுவுன்னு என் வாயால எப்படிம்மா சொல்லுவேன்? அப்புறம் காத்தான் மவன் வந்து நின்னான். அப்பவே நானும் நெனைச்சேன், கடுதாசி பொய்யா இருக்கும், சும்மா இருப்போம்னு..."

அழகம்மாளின் அழுகை நின்றுவிட்டது. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, இன்னாசிராஜ் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை எடுத்தாள். அதில் ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அப்போ இது அச்சுப் பிழை இல்லையா மாமா?"

வெள்ளைச்சாமிக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அந்த எழுத்தைப் பார்த்தார். "இல்லம்மா," என்றார்.

அவள் சீட்டை மடித்தாள். மறு கையில் மனு இருந்தது. மெம்பரின் கையெழுத்து இப்போது காய்ந்திருந்தது. அதைக் கசங்காமல் நாலாக மடித்து, புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"காத்தான் மவனுக்கும் கடுதாசி வந்துச்சில்ல மாமா?" என்றாள். "தபாலாபீசு எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

"அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்மா," என்றார் கிழவர். குடையை எடுத்து விரித்து, வெயில் படாமல் அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கூட நடந்தார்.